எதிர்த்தீ

வள்ளம் மணலில் முட்டுவதற்குள் சுடலைச்செல்வி முழங்கால் தண்ணீரில் குதித்துவிட்டாள். தீவின் மேற்குக் கரையில் யாரோ மீன் சுட்டுத் தின்றுவிட்டு அணைக்காமல் போன நெருப்பு, இப்போது ஆள் உயரத்துக்கு எரிந்தது. கச்சான் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தது. கிழக்கே புல்லுக்குள் ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. நூற்றுக்கணக்கான பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின.

வல்லநாட்டு மலையில் மூன்று கோடை தீக்காவலுக்கு நின்றவள் அவள். கடல் பூங்காவுக்கு வந்து இருபது நாள்தான் ஆகிறது, தற்காலிக வேலை. ரேஞ்சர் ஜெயசிங் போனில், "டீம் வர முக்கால் மணி நேரமாவும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றிருந்தார். தீ வந்து சேர அதில் பாதி நேரம்கூட ஆகாது. சுற்றிலும் கடல்; அள்ளி ஊற்ற இரண்டே வாளி.

தீவு ஒடுங்கும் இடத்தில், அவளும் வள்ளக்காரர் ரோச்சும் மண்வெட்டியால் குறுக்கே புல்லைச் செதுக்கி மணல் தெரிய ஒரு கோடு இழுத்தார்கள். முதுகு வலித்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

"ரோச்சண்ணே, தீப்பெட்டி இருக்கா?"

"ஏளா, அணைக்க வந்த எடத்துல பத்த வைக்கவா சொல்லுத?"

"அது இங்கன வாரப்போ திங்க ஒண்ணும் இருக்கக் கூடாதுண்ணே."

ரோச் தீயைப் பார்த்தார். மடியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார்.

வைக்கிற தீ கோட்டைத் தாண்டிவிட்டால் முட்டைகளை எரித்தவள் அவள்தான் என்றாகிவிடும். வேலையும் போய்விடும். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது. கோட்டின் மேற்கு ஓரத்தில் அவள் வைத்த தீ, காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்தது. ஒரு பொறி கோட்டைத் தாண்டி விழ, ரோச் "மாதாவே" என்று கத்திக்கொண்டு நனைத்த சாக்கால் அடித்தார். பெரிய தீ நெருங்கியதும் சின்னத் தீ சட்டென்று அதை நோக்கிச் சாய்ந்து ஓடியது. இரண்டும் முட்டிப் பனை உயரம் எழுந்தன. அப்புறம் வெறும் புகைதான். சுடலைச்செல்வி குலவையிட்டாள், அது தன் குரல்தான் என்று பிறகே உணர்ந்தாள்.

போன் அடித்தது. தீ அடங்கியதைப் படகிலிருந்தே பார்த்துவிட்டிருந்தார் ஜெயசிங். "எப்படிம்மா நின்னுச்சு?"

"நான்தான் சார் எதிர்த்தீ வச்சேன்."



"கோடு எத்தன அடி?"

"அஞ்சடி சார்."

"எட்டடியாவது எடுத்திருக்கணும்."

தூரத்தில் படகு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. ரோச் அலைக்குள் இறங்கி நின்றார். நெஞ்சில் கரி கோடு கோடாக வழிய, சாக்கைத் தலைக்கு மேல் சுழற்றி, "மெல்ல வாங்கலே, தீ அணைஞ்சாச்சு, மெல்ல வாங்க!" என்று கத்தினார். பறவைகளின் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.