சம்பந்தியம்மாவின் அறை

அத்தை வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அத்தையும் மாமாவும் தூங்கினார்கள். இன்னொன்றில் ஒரு கவுன் தூங்கியது. நான் ஹால் சோபாவில், மாமா டிவியை அணைக்கிற வரைக்கும் காத்திருந்து, தூங்கினேன்.

மாலை விருந்துக்குப் போடுகிற கவுன் அது. கரும்பச்சை சாட்டின். தரையைக் கூட்டுகிற நீளம், இடுப்பு வரை திறந்த முதுகு. அத்தை பிறப்பதற்கு முன்பே தைத்தது. கழுத்துக்கு உள்பக்கம் ஒரு கறுப்புத் துணித் துண்டில், எப்போதோ செத்துப்போன பெரிய டிசைனர் ஒருவரின் பெயர் தங்க நூலில் இருக்கும். அதை அத்தை இரண்டு விரலால் திருப்பிக் காட்டுவதைப் பார்த்தால், குழந்தைக்கு முளைத்த முதல் பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்கும். மாமா கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஊர் ஏலத்தில் எடுத்து வந்தாராம். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே செலவு அது. அதற்கப்புறம் பர்ஸைத் திறக்கவில்லை.

சக்கரம் வைத்த ஒரு தையற்கடைப் பொம்மை அதை மாட்டிக்கொண்டு நின்றது. வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று ஜன்னலுக்கு இரட்டைத் திரை. ஏசி அதற்கு உண்டு, எனக்கு இல்லை. மாமா அந்தப் பொம்மைக்கு சம்பந்தியம்மா என்று பெயர் வைத்திருந்தார். "சம்பந்தியம்மாவுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு? காத்து போதுமா?" என்று தினமும் கேட்பார். அத்தை உள்ளே போய் ஏசியைச் சரிபார்த்துவிட்டு வருவாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்த அன்றே அத்தை சொன்னாள்: "கவுனை விக்கப் போறேன்டி. வித்ததும் அந்த ரூம் உனக்குத்தான்." நம்பினேன். கட்டில் எந்தச் சுவரோரம், தலையணை எந்தப் பக்கம் என்று யோசித்து வைத்திருந்தேன். முக்கியமாகக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

இணையத்தில் விளம்பரம் போட்டவளும் நான்தான். அத்தை சொல்லச் சொல்ல அடித்தேன். "அருமை தெரிந்தவர்கள் மட்டும் வரவும்."

வந்தார்கள். அருமை தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தனை பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, ஒரே மாதிரி "ஓ" என்றார்கள். நான் கதவைத் திறப்பேன், தண்ணீர் கொடுப்பேன், சுவரோடு சுவராக நிற்பேன். அத்தை முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"கையைக் கழுவிட்டீங்களா?"

பிறகு கதை. பல் டாக்டரம்மாவிடம், ஒரு தூதர் தன் தட்டை விட்டு எழுந்து வந்து இந்தக் கவுனைப் பற்றி விசாரித்தார் என்றாள். கல்யாண மண்டபக்காரியிடம் அதே ஆள் அமைச்சராகிவிட்டார். நகைக்கடை முதலாளியின் மனைவி வந்தபோது இளவரசர். அந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் கடவுளே வந்திருப்பார்.

நடந்ததை மாமா எனக்குச் சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு தடவை போட்டா. கம்பெனி டின்னர். ஜிப்பு ஏறல, ரெண்டு பேர் சேர்ந்து ஏத்தினோம். ராத்திரி முழுக்க மூச்சு விடாம உக்காந்திருந்தா. சூப்பு மட்டும்தான் குடிச்சா. எந்தத் தூதர்? பக்கத்துல உக்காந்திருந்தது எங்க கணக்குப்பிள்ளை."

கதை முடிந்ததும் சோதனை. பல் டாக்டரம்மாவுக்குத் தோள் அகலம். மண்டபக்காரிக்கு நடை சரியில்லை, "வாத்து மாதிரி." நகைக்கடை அம்மாளுக்கு வயிறு. "நீங்க தப்பா நினைக்கக் கூடாது, இந்தத் துணி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்" என்று தன் வயிற்றின் மேல் குஷனை வைத்துக்கொண்டே அத்தை சொன்னாள். அந்த அம்மாள் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனாள்.

"வைக்கோல் போர் நாய்" என்றார் மாமா, டிவியிடம்.

அப்புறம் ஒரு நாள் பியானோ வாசிக்கிறவள் வந்தாள். பெரிய மேடை ஒன்றில் வாசிக்க அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. அத்தை கேட்பதற்கு முன்பே "எங்கே கை கழுவலாம்?" என்றாள். சென்ட் போட்டுக்கொள்ளாமல் வந்திருந்தாள், துணியில் ஒட்டும் என்று. தலையைச் சாய்க்கவில்லை, "ஓ" என்று சொல்லவில்லை. அத்தை கேட்ட விலைக்கு "சரி" என்று மட்டும் சொன்னாள். மனசுக்குள் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டேன்.

அவள் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஜிப்பு தானாக ஏறியிருந்தது. வார்த்து ஊற்றிய மாதிரி நின்றாள்.

"நடங்க" என்றாள் அத்தை.

நடந்தாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். மூச்சும் விட்டாள், பேசவும் செய்தாள்.

"கையைத் தூக்குங்க."

"வாசிக்கறப்போ இவ்வளவுதான் தூக்குவேன்" என்று காற்றில் வாசித்துக் காட்டினாள். ஒரு தையல்கூடச் சுருங்கவில்லை.

அத்தை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆடத் தெரியாதவளுக்குத்தான் மேடை கோணல் என்பார்கள்; இங்கே மேடையும் நேர், ஆடுகிறவளும் நேர், பார்க்கிற கண்தான் கோணல். கடைசியில் அந்தத் திறந்த முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மச்சம் இருக்கே."

"என்னது?"

"முதுகுல. இடது பக்கம். இந்தக் கவுனுக்கு மச்சம் சேராதும்மா."

பியானோக்காரி திரும்பி அத்தையைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அத்தைக்கு மரியாதையாக இருந்திருக்கும். அவள் சிரித்தாள். உடை மாற்றிக்கொண்டு, கவுனைத் தானே ஒழுங்காகப் பொம்மைக்கு மாட்டிவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "உங்க அத்தை இதை விக்க மாட்டாங்கம்மா. வேடிக்கை பார்க்க ஆள் கூப்பிடறாங்க. அடுத்த தடவை டிக்கெட் போடச் சொல்லு."

எனக்குத் தெரியாததை அவள் சொல்லவில்லை. ஆனாலும் என் கட்டிலை யாரோ ஜன்னல் வழியாக வீசி எறிந்த மாதிரி இருந்தது.

"மச்சம்! நல்லவேளை பார்த்தேன்" என்றாள் அத்தை, உள்ளே திரையை இழுத்து மூடிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் அத்தை தலைக்குச் சாயம் போடப் பார்லருக்குப் போனாள். நான் அந்த அறைக்குள் போய் முதல் திரையை விலக்கினேன், பிறகு இரண்டாவதை. நல்ல ஜன்னல். சம்பந்தியம்மாவின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன். சக்கரம் கிறீச்சிட்டது. மாமா என்னைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், இரண்டு காலையும் சோபா மேல் தூக்கி வழிவிட்டார். அந்த வீட்டில் எனக்கு அவர் செய்த ஒரே உதவி.

ஹால் நடுவில் நிறுத்திவிட்டு, என் தலையணையையும் போர்வையையும் பையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். திட்டு விழும்போது முகம் பார்க்க வேண்டும் இல்லையா?

அத்தை வந்தாள். கூடவே, வாசலில் நின்றிருந்த மின்சார மீட்டர் பார்க்கிறவரும் உள்ளே வந்தார். அத்தை வாயைத் திறந்தாள். "ஏண்டி, யாரைக் கேட்டு..."

அதற்குள் மீட்டர்காரர், "அடேங்கப்பா!" என்றார். "என்னங்க இது, சினிமாவுல வர்ற மாதிரி!"

அத்தையின் வாய் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மூடியது. கைப்பையை வைத்தாள். புதிதாய்க் கறுத்த தலையைத் தடவிக்கொண்டாள். மீட்டர்காரரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அவரும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். தூதர் எழுந்து நின்றார். தட்டு தள்ளி வைக்கப்பட்டது. இந்த முறை ராணுவத் தளபதி ஒருவரும் சேர்ந்துகொண்டார். நாளைக்குப் பேப்பர் போடுகிறவர், அப்புறம் தண்ணீர்க் கேன்காரர். யாருக்கும் தோள் அகலமா என்று பார்க்க வேண்டியதில்லை.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே மாமாவின் குரல் கேட்டது.

"டிவி மறைக்குது. சம்பந்தியம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."