வெளுத்த பாவாடை

1

இந்தக் கதை ஒரு லைட்டரில் பிறந்தது. பாரிஸில் நான் வேலை பார்க்கும் தையற்கூடத்துக்கு, ஒவ்வொரு புது நாட்டியமும் மேடையேறுவதற்கு முன்னால் தீயணைப்பு ஆள் ஒருவர் வருவார். பாலேக்காரிகளின் பாவாடையிலிருந்து ஒரு கீற்று வலைத்துணியை வெட்டிக் கொடுப்போம். அவர் லைட்டரைக் காட்டுவார். துணி சுருண்டு கருகித் தானாக அணைந்துவிட்டால் கையெழுத்துப் போடுவார். போன முறை, எதிர் மேசையில் தைக்கும் மிரேய் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "அந்தக் காலத்துல துணிய வெட்டியா பாத்தாங்க? பொண்ணுங்கள வெச்சில்ல பாத்தாங்க," என்றாள். தீயணைப்பு ஆள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். உட்காராமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2

"எரிவாயு விளக்குகளின் பொன்னொளியில் பாரிஸ் மாநகரம்—"

[வேண்டாம். சுற்றுலாப் பேருந்தில் ஏறியதுபோல இருக்கிறது.]

"செலி கோத்ரி பேரழகி—"

[இல்லை. முன்பல் கொஞ்சம் எடுப்பு. நாட்டியக் குழுவில் கடைசி வரிசை.]

"செலி கோத்ரியின் அம்மா துணி வெளுப்பவள்."

இதை வைத்துக்கொள்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாலேக்காரிகளில் பலரும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். அம்மாவுக்குக் கால்வாய்க் கரையில் சலவைக் கொட்டகையில் வேலை. கதைக்கு ஊர் வாசனை கொஞ்சம் ஒட்டட்டுமே என்றுதான் அந்தத் தொழிலைக் கொடுத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அவளை ரொட்டிக்கடைக்காரியாக்கியிருந்தால் இந்தக் கதை சந்தோஷமாக முடிந்திருக்கும்.

3

நடுவில் கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் தைப்பவள், பாவாடையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

முதலில் அது கெண்டைக்கால் வரை தொங்கியது. மெல்லிய மஸ்லின், அடுக்கடுக்காக, புகைபோல. ஆடுகிறவள் மனுஷி இல்லை, ஆவி என்று பார்க்கிறவர்கள் நம்பவேண்டும். பிறகு கால் வேலை கடினமாகக் கடினமாக, அதைக் காட்டவேண்டுமே என்று முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. கடைசியில் இடுப்பிலிருந்து தட்டுபோல நேராக நீட்டிக்கொண்டு நின்றது. இன்று நான் தைப்பது அந்தத் தட்டைத்தான், உள்ளே ஒரு கம்பி வளையம் வைத்து.*

பாவாடை குட்டையான கதையை எல்லாரும் சொல்வார்கள். அது எரிந்த கதையை ஏன் சொல்வதில்லை? மேடை ஓரமெல்லாம் திறந்த எரிவாயுச் சுடர். நடுவில் காற்று நிரம்பிய மஸ்லின். விளைவு என்ன என்று சொல்லவேண்டுமா? துணியைப் படிகாரமும் வெண்காரமும் கரைத்த நீரில் முக்கி உலர்த்தினால் தீ பிடிக்காது என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் மருந்து போட்ட துணி பழுப்பாகும், விறைக்கும். ஆவி, கோணிப்பை கட்டியதுபோல ஆகிவிடும். கட்டாயம் என்று ஆணை வந்த பிறகும் பல பெண்கள் உடுத்த மறுத்தார்கள். நிஜமாகவே எரிந்து போனவர்கள் உண்டு. அவர்கள் பெயரை நான் எடுக்கவில்லை. செலி என் கற்பனை. ஆகவே அவளைக் காப்பாற்றும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நம்பினேன்.

* "டூட்டூ" என்ற பெயர் இந்தப் பாவாடைக்கு எங்கிருந்து வந்தது? மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள், ஆடும் பெண்களின் பின்புறத்தைக் குறித்துச் சொன்ன குழந்தைப் பேச்சிலிருந்து வந்ததாம். நம்ப ஆசையாக இருக்கிறது.

4

செலிக்கு முதன்முறையாகத் தனி ஆட்டம் கிடைக்கிறது. தோற்றால் கடைசி வரிசையும் போகும், அம்மாவின் பக்கத்தில் நின்று துணி அடிக்க வேண்டியதுதான். மருந்துப் பாவாடையை அவள் உடுத்த மறுப்பாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். பிறகு கிழித்தேன். ஒரு பெண்ணை அவள் அழகு ஆசைக்காகவே எரித்துவிட்டு, அதைப் பாடமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஓர்தான்ஸை அனுப்பினேன். அரங்கின் ஆடைப் பொறுப்பாளர். சுருக்கென்று பேசுகிறவள்.

"பழுப்பா இருக்கு மதாம். கிழவி மாதிரி தெரியறேன்," என்றாள் செலி.

"கிழவியாகணும்னா அதைக் கட்டு. கட்டலன்னா கிழவியாக மாட்டே."

செலி கட்டிக்கொண்டாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். மருந்துப் பாவாடை கட்டியாயிற்று, பெண் பிழைத்தாள், கதை முடிந்தது.

5

முடியவில்லை. ஒத்திகை பார்க்க வந்த சந்தாதாரர் ஒருவர், அதாவது வருடச் சந்தா கட்டி மேடைக்குப் பின்னாலும் உலாவும் பணக்காரர், ஆட்டக்காரிகள் இளைப்பாறும் அறையில் எல்லார் முன்னாலும் செலியைப் பார்த்து, மழையில் நனைந்த வாத்து என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் வீட்டுக்குப் போய் அழுதாள், சூப்பைத் தொடவில்லை. அம்மா அவளையும் கூடையில் கிடந்த பழுப்புப் பாவாடையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

(பாவாடை வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்று மிரேய் கேட்டாள். ஆட்டக்காரிகளின் அம்மாமார்கள் கூடையும் கையுமாக உடைமாற்றும் அறைக்குள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். கூடைக்குள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.)

அந்த அம்மாவை, மதாம் கோத்ரியை, நான் தடுத்துப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன், காய்ச்சலோடு எழுந்து போனாள். கொட்டகையைப் பூட்டினேன், அவளிடம் சாவி இருந்தது. தன் பிள்ளை அழுதுகொண்டிருக்க, அழுக்குத் துணி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு வெளுப்புக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாளா? துவைத்தாள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசினாள். நீலம் போட்டாள், மெல்லிய கஞ்சி போட்டாள், ஒவ்வொரு மடிப்பாக இஸ்திரி போட்டாள்.

செலி பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். பனிபோல வெள்ளை.

"அம்மா, மருந்து?"

"மருந்து எங்கேடி போகும்? சாயம் நூலுக்குள்ள இறங்கினா துவைச்சா போகுதா? இதுவும் அப்படித்தான். அழுக்கு போச்சு, மருந்து உள்ள இருக்கு."

வாழ்நாளெல்லாம் துணியோடு புழங்கியவள் சொல்கிறாள். செலி நம்பினாள். நானே ஒரு நிமிடம் நம்பினேன். எங்கள் தையற்கூடத்தில் டூட்டூவைத் துவைப்பதே இல்லை, தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து போய்விடும். வியர்வை வாடைக்கு வோட்காவைத் தெளித்து, தலைகீழாகத் தொங்கவிடுவோம். அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

6

மேடைக்குள் நுழையும் முன் ஒவ்வொருத்தியின் பாவாடையையும் தட்டிப் பூரிக்க வைப்பது ஓர்தான்ஸின் வழக்கம். செலியின் பாவாடையில் கை வைத்தாள். மருந்துத் துணி உப்புத் தூவியதுபோல நறநறக்கும். இது நறநறக்கவில்லை. வாத்தியம் தொடங்கிவிட்டது. செலி திரும்பி, எடுப்புப் பல் தெரியச் சிரித்தாள். அவள் சிரித்து ஓர்தான்ஸ் பார்த்ததே இல்லை.

இன்னொரு முடிவு: ஓர்தான்ஸ் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறாள். ஆட்டம் கெடுகிறது. செலி சலவைக் கொட்டகைக்குப் போகிறாள், கை வெடித்து, முதுகு வளைந்து, ஓர்தான்ஸைச் சபித்துக்கொண்டே கிழவியாகிறாள். நான் எழுதியவற்றிலேயே எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் ஓர்தான்ஸ் செய்யமாட்டேன் என்கிறாள். எத்தனை முறை எழுதினாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுகிறாள். ஒரே ஒரு நாள்தானே என்று நினைக்கிறாள்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. மேடை, சுடர், சத்தம், கம்பளியோடு ஓடி வந்தவர்கள். நன்றாக எழுதியிருந்தேன். அவ்வளவு நன்றாக எழுதியதற்கு வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.]

7

செலியின் அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஓர்தான்ஸ் கால்வாய்க் கரைக்குப் போனாள். மதாம் கோத்ரி யாருடைய மேசை விரிப்பையோ அலசிக்கொண்டிருந்தாள். அழவில்லை. உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும் மதாம். எனக்குப் படிப்பில்ல, நீங்கதான் சொல்லணும். மருந்து போட்டா பிடிக்காதுன்னாங்க. அவ மருந்துப் பாவாடைதானே கட்டியிருந்தா. நான் வெளுத்துக்கூடக் குடுத்தேனே. அப்புறம் எப்படிப் பிடிச்சுது?"

இரண்டு பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஓர்தான்ஸ், மருந்தே மட்டம், தப்பு எங்களுடையது என்கிறாள். மதாம் கோத்ரி அரங்கைத் தூற்றித் தூற்றி இன்னும் பல வருடம் வாழ்கிறாள். ஆனால் அதே கொட்டகையில், வேறு ஆட்டக்காரிகளின் அம்மாமார்களுக்கும் பாவாடை வெளுத்துக் கொடுக்கிறாள். மற்றதில் ஓர்தான்ஸ் உண்மையைச் சொல்கிறாள், தன் கை அறிந்ததையும் சேர்த்து. அதன் பிறகு மதாம் கோத்ரி தண்ணீரில் கை வைப்பதில்லை. மற்றப் பெண்கள் பிழைக்கிறார்கள். அவள் பிழைப்பதில்லை.

மிரேயிடம் கேட்டேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "என்னைய ஏன் கேக்கற," என்று வெளியே போய்விட்டாள்.

எனக்கும் முடியவில்லை. கதையை உங்களிடம் தருகிறேன். மதாம் கோத்ரி ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுதிய கடைசி வரி இவ்வளவுதான்:

ஓர்தான்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "மதாம்," என்றாள்.