நீலத் துணி

காப்புரிமை கிடையாதுன்னு கடிதம் வந்த அன்னைக்குக் காலையில நான் பக்கத்து அறைக் கதவைத் தட்டலை. காலால உதைச்சேன்.

அது ஆமையோட அறை. பேர் நான் வெச்சது. ஒரு திருகாணியை முடுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கிறவனை வேற எப்படிக் கூப்பிடறது? புதுத் தொழில் தொடங்கறவங்களுக்குன்னு கட்டின கட்டடம் அது. என் கம்பெனி ஏழாம் அறையில, அவன் கம்பெனி எட்டுல. ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் பாட்டில் காலியாகறதுக்கு முன்னாடியே நர்ஸைக் கூப்பிடற கிளிப் ஒண்ணு சேர்ந்து செஞ்சோம். சென்சார் என்னுது, சர்க்யூட் அவனுது. மூணு வருஷ உழைப்பு. காப்புரிமை இல்லைன்னா பெரிய கம்பெனிக்காரன் அதையே செஞ்சு வித்துடுவான், எங்களை யார் சீந்துவா?

விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே வரைபடத்தை ஊருக்குக் காட்டிட்டீங்க, அதனால இது புதுசு இல்லைன்னு எழுதியிருந்தது. ஆதாரம் கடைசித் தாள்லயாம். அதுவரைக்கும் படிக்க எனக்கு ஏது பொறுமை? படம் ரெண்டு பேர்கிட்டதான் இருந்தது. நான் காட்டலை, அப்போ அவன்தானே?

மத்த அறைக்காரங்க எல்லாம் எட்டிப் பார்க்க, வாயில வந்ததைக் கொட்டினேன். கூட இருந்தே குழி பறிச்சவன்னேன். நடைபாதையில மாட்டியிருந்த ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ அட்டையைப் பிடுங்கி அவன் மேஜையில எறிஞ்சேன். கட்டட மேனேஜர் ஓடி வந்து, கூட்டு ஆராய்ச்சின்னா மனஸ்தாபம் சகஜம்னார். அவருக்கும் சேர்த்து விழுந்தது.

ஆமை அந்த அட்டையை எடுத்து, மெதுவா மேஜை ஓரமாச் சாய்ச்சு வெச்சான். அது எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்தது. இனி உன் சங்காத்தமே வேண்டாம்னு எங்க கூட்டு ஒப்பந்தத்தை ரெண்டாக் கிழிச்சுப் போட்டேன். அப்புறம்தான் அவன் கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு தாளாத் திருப்பி, கடைசித் தாளை நீட்டினான்.

ஒரு போட்டோ. பொதுமக்கள் வந்து பார்த்த நாள்ல எடுத்து, இந்தக் கட்டடத்து இணையதளத்துல போட்டது. சுவத்துல ஆளுயரத்துக்கு எங்க வரைபடம், அளவெல்லாம் பளிச்சுனு. முன்னால நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் கையில சுருட்டின நீலத் துணி.

விண்ணப்பம் போட இன்னும் நாலு நாள்தானேன்னு ஆமை அந்தத் துணியால படத்தை மூடி, நாலு மூலையிலும் குண்டூசி குத்தியிருந்தான். வந்தவங்க எல்லாம் பக்கத்து மேஜையையே மொய்க்கறாங்கன்னு எனக்குக் கடுப்பு. பொறுத்தார் பூமி ஆள்வார்னு அவன் நிதானமாச் சொன்னான். நீயே ஆண்டுக்கோ ராசான்னு துணியை வெடுக்குனு உருவினது நான். சுத்தமா மறந்துபோச்சு.

“எனக்கும் காலையில இதே கடிதம் வந்ததுக்கா,” என்றான். “யாரும் இல்லாதப்போ உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

நடைபாதையில யாரும் நகரலை. கத்தறதுக்கு வாய் வந்தது, யார் மேல கத்த?

அவன் குனிஞ்சு ஒப்பந்தத்தோட ரெண்டு துண்டையும் எடுத்தான். ஒட்டப்போறான்னு நின்னேன். குப்பைக்கூடையில போட்டான். அதை மட்டும் சட்டுனு செஞ்சான்.