வலப்பக்க இருக்கை

1

இது கதையாகப் பிறந்ததல்ல. எண்ணூறு சொற்களில் ஒரு கட்டுரையாக, இரண்டு படங்களோடு வந்திருக்க வேண்டியது. டெக்ஸஸில் மாதம் இருமுறை தமிழ் இதழ் ஒன்றை நடத்தும் நாகரத்தினம் தொலைபேசியில் கேட்டார்: அமெரிக்க மசில் கார்கள்மீது இங்கிலாந்துக்காரர்களுக்கு அப்படி என்ன மோகம்?

அவர் திடீரென்று அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், பேர்லேண்டில், ஓய்வுபெற்ற தமிழ் டாக்டர் ஒருவர் தமது 1968 பான்டியாக் ஜிடிஓ காரை விற்கப் போகிறார். வாங்க வருபவர் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்காரர். காரைப் பார்ப்பதற்காக மட்டும் விமானம் ஏறி வருகிறார். மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை.

“தமிழர் இருக்காரு, காரு இருக்கு, வெள்ளைக்காரர் இருக்காரு. படிப்பாங்க சார்” என்றார் நாகரத்தினம்.

நான் இருக்கும் ரிச்சர்ட்சனிலிருந்து நான்கரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் டாக்டரையும் அவர் மனைவியையும் சந்தித்தேன். திரும்பி வந்து கட்டுரையை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கணவர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். மனைவி தனியாக இன்னொன்று சொல்லியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அடுத்தவர் வீட்டுச் சங்கதியைக் கட்டுரையில் போட முடியாது. கதையில் போடலாம், பெயரை மாற்றினால் போதும் என்று எங்கள் பத்திரிகைத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு.

டாக்டருக்கு ஐசக் என்றும் அவர் மனைவிக்கு ஜெயலீலா என்றும் பெயர் வைத்திருக்கிறேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

“பிரிட்டனின் கிராமத்துச் சாலைகள் குதிரை வண்டிக்கு அளவெடுத்தவை. அவற்றில் பதினேழு அடி நீளக் காரை ஓட்டுவதென்பது” (நிறுத்திவிட்டேன். டேப் வைத்து அளந்தேன். பதினேழு அடிக்கு மூன்று அங்குலம் குறைகிறது.)

“மசில் கார் என்பது சாதாரணக் குடும்பக் காரின் உடம்புக்குள் பந்தயத்துக்கான இன்ஜினைத் திணித்தது. அறுபதுகளின் அமெரிக்காவில் பெட்ரோல் தண்ணீர்போல” (இதை யாரும் எழுதலாம்.)

“இயனுக்கு அமெரிக்கா வேண்டாம்.”

இது பரவாயில்லை. இயன்தான் வாங்க வருபவர். ஐம்பத்திரண்டு வயது, வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் அமைக்கும் தொழில். அவருடன் தொலைபேசியில் பேசினேன். அவர் ஊரில் எல்லோரும் அடக்கமான சாம்பல் நிறக் கார் வைத்திருந்த காலத்தில், மழையில் நனைந்த சாலையில், கரும்பச்சையாக, அகலமாக, ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு ஒரு கார் போகுமாம். யாருக்கும் தேவைப்படாத கார், அதனாலேயே எல்லோரும் ஆசைப்பட்டார்கள் என்றார். அந்தச் சத்தத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. டெக்ஸஸில் இதே மாடலை எத்தனையோ பேர் விற்கிறார்கள். இயனுக்கு வேண்டியது அவருடைய ஊரில் ஓடிய கார், ‘டாக்டருடைய பான்டியாக்.’

ஆமாம், அது அங்கே ஓடிய கார்தான். கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

3

(ஒரு சிக்கல். நேரில் நான் ஜெயலீலாவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். கதையில் ஆன்ட்டி என்று எழுத முடியாது. சஃபோக்கில் இருக்கும்வரை இளம்பெண், ஆகவே ‘அவள்’. டெக்ஸஸ் வந்ததும் ‘அவர்’. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகிச் சஃபோக் வந்த நான்காவது வருடம், 1986 அக்டோபரில், ஜெயலீலா ஜன்னல் வழியே பார்த்தபோது வாசலில் ஒரு படகு நிற்பதுபோல் இருந்தது. பக்கத்து அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கர் ஒருவரிடம் ஐசக் வாங்கி வந்திருந்தார். மயக்க மருந்து டாக்டர் அவர். மருத்துவமனையிலேயே அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். இந்த மனுஷனுக்குள் இப்படி ஓர் ஆசையா என்று அவள் காரை ஒருமுறை சுற்றிவந்தாள். நான்கு வருடமாகத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போன அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் அன்று சாயங்காலத்துக்குள் கதவைத் தட்டினார்கள். உள்ளே வந்து டீ குடித்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பினார்கள். அந்த ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போக வேண்டும். இந்தக் காருக்கோ ஸ்டீயரிங்கும் இடப்பக்கம். ஐசக் வேலிச் செடியை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயலீலா நடுச்சாலைப் பக்கம், மற்ற கார்களில் ஓட்டுநர் உட்காரும் இடத்தில் இருந்தாள். முன்னால் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிய லாரி மணிக்கு இருபது மைலில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டும். ஐசக் கழுத்தை வலப்பக்கம் நீட்டிப் பார்த்தார். லாரியின் பின்பலகையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“ஜெயா, உனக்குத் தெரியுதா?”

“எது?”

“லாரிக்கு முன்னால, ரோடு.”

அவளுக்குத் தெரிந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து சாலை முழுவதும் தெரிந்தது.

“டிராக்டர் ஒண்ணு வருது. இருங்க.”

டிராக்டர் கடந்தது. அதன் பின்னால் வந்த சைக்கிளும் கடந்தது. ஜெயலீலா இன்னொரு முறை பார்த்தாள்.

“போங்க.”

அவர் போனார். இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பிய அதிர்வு முதுகெலும்பில் ஏறியது. லாரி பின்னால் சின்னதாகிப் போனது. ஐசக் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அதன்பின் முப்பத்தைந்து வருடம் இரண்டே வார்த்தைதான்: இருங்க, போங்க. வாகன நிறுத்தங்களில் சீட்டு தரும் இயந்திரம் அவள் பக்கம். பாலத்துச் சுங்கச்சாவடியில் சில்லறை நீட்டும் கை அவளுடையது. எதிரே வருகிறவர்கள், ஓட்டுநர் இடத்தில் சேலை கட்டிய பெண்ணொருத்தி குனிந்து ஆரஞ்சு உரிப்பதைக் கண்டு அரண்டு போவார்கள். ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தச் சொல்லி, ஸ்டீயரிங் இல்லாததைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒருமுறை, “போங்க” என்றவள் அடுத்த நொடி “வேண்டாம்” என்றாள். ஐசக் ஏனென்று கேட்கவில்லை, மீண்டும் லாரிக்குப் பின்னால் ஒடுங்கினார். சாலையின் பள்ளத்திலிருந்து எழும்பி வந்த மோட்டார் சைக்கிள் அவள் கண்ணாடியை ஒட்டிக் கடந்தது. வீட்டுக்கு வந்து, அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

* அடிக்குறிப்பாக ஒன்று. ஜெயலீலா அங்கே ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று முறை போய்த் தோற்றவர். மூன்று தேர்வாளர்களும் எழுதிய காரணம் ஒன்றே: அளவுக்கு மீறித் தயங்குகிறார்.

4

ஐசக்கை எழுதுவதில் எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம்.

2021-இல், ஹூஸ்டனில் வேலை பார்க்கும் மகள் ஜெஸ்மியின் வீட்டுக்கு அருகே குடிவந்தபோது, வீட்டுச் சாமான்களில் பாதியைத் தானம் செய்துவிட்டுக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர். அவர் இப்போது ஏன் விற்க வேண்டும்? வயது என்று முதல் வரைவில் எழுதினேன். பொய்யாக இருந்தது. எழுபத்திரண்டு வயதிலும் அவர் கராஜில் குனிந்து மெழுகு தேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே வைத்துவிடுகிறேன்.

“அவளுக்குப் பிடிக்கல தம்பி. இங்க வந்ததுல இருந்து இந்தக் கார்ல ஏறினா ஒரு வார்த்தை பேச மாட்டா. அங்க அப்படி இல்ல. இங்க ஹீட்டு, சத்தம், ஏசி வேற இல்ல. என் ஒருத்தன் சந்தோஷத்துக்காக அவள ஏத்திக்கிட்டு அலையறது நியாயமில்லைல?”

அவரைக் கேட்டீர்களா என்றேன்.

“கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா.” துணியை உதறி மடித்தார். “ஒண்ணுமில்லைன்னா என்ன அர்த்தம்னு நாப்பத்தி மூணு வருஷத்துல தெரியாதா எனக்கு?”

(தெரியவில்லை, டாக்டர். இதை அன்று சொல்லவில்லை.)

5

ஜெயலீலா அந்தக் காரில் பேசாமல் வருவது உண்மைதான்.

பேர்லேண்டில் கார் இல்லாமல் ஒரு கொத்துமல்லிக் கட்டுகூட வாங்க முடியாது. அவருக்கு லைசென்ஸ் கிடையாது. வாரநாட்களில் மகள் கூட்டிப்போவாள். ஞாயிறன்று ஹூஸ்டனில் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு மட்டும் பான்டியாக். ஃப்ரீவேயில் ஏறினால் நான்கு வரிசை வண்டிகளும் ஒரே திசையில் போகின்றன. எதிரே யாரும் வருவதில்லை. ஐசக் உட்கார்ந்திருக்கும் பக்கமே தாண்டிப்போகும் பக்கம். கண்ணாடியை ஒருமுறை பார்க்கிறார், திரும்பிப் பார்க்கிறார், போய்விடுகிறார். காபி கொடுக்கும் ஜன்னலும் அவர் பக்கமே வருகிறது.

வந்த புதிதில் ஒரு ஞாயிறு, கிளைச் சாலையிலிருந்து பெரிய டிரக் ஒன்று வந்து சேர்ந்தது. ஜெயலீலாவின் உதடு பிரிந்தது. “இரு” என்பது வரை வந்துவிட்டது. அதற்குள் ஐசக் வேறு வரிசைக்கு மாறியிருந்தார். வார்த்தையை ஜெயலீலா விழுங்கிக்கொண்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, கடந்துபோகும் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வரப் பழகினார்.

சபை வளாகத்தில் பெரிய எஸ்யூவிகளுக்கு நடுவே பான்டியாக் சிறியதாகத் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த சபைப் பையன் ஆட்ரியன் ஒருநாள் அதைச் சுற்றிவந்துவிட்டு, “அங்கிள், டஸ் இட் ஈவன் ஹேவ் ஏசி?” என்று கேட்டான். ஐசக் சிரித்தார். சஃபோக் சிரிப்பு இல்லை அது. சிக்னலில் சிலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். யாரும் டீ குடிக்க வந்ததில்லை.

(இங்கேதான் கட்டுரைக்கான விடை கிடைத்தது என்று நினைக்கிறேன். அங்கே அந்தக் கார் இடத்துக்குப் பொருந்தாதது. பொருந்தாத காரை ஓட்ட இன்னோர் ஆள் வேண்டும். பொருந்துகிற ஊருக்கு வந்ததும் ஒருவர் போதும் என்றாகிவிட்டது. எண்ணூறு சொல்லுக்கு இது போதும். ஜெயலீலாவுக்குப் போதாது.)

6

கார்க் காகிதங்களை நகலெடுக்க ஐசக் மகளோடு வெளியே போயிருந்தபோது ஜெயலீலா எனக்கு டீ போட்டுக்கொண்டே சொன்னார்.

“அவங்களுக்கு அலுத்துப்போச்சு போல. இங்க தெருவுக்கு ஒண்ணு நிக்குதுல்லா. விக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்.”

உங்களுக்கு அந்தக் கார் பிடிக்காதென்று அவர் நினைத்திருக்கலாமே என்று மெல்லக் கேட்டேன்.

“எனக்கா?” அடுப்பை அணைத்தார். “அந்த ஊர்ல எனக்குன்னு இருந்த ஒரே டிரைவிங் அதான் தம்பி.”

அவரிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

“என்னன்னு சொல்ல? உங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியுது, அதனால எனக்கு வருத்தமா இருக்குன்னா? கேக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?”

பேச்சை மாற்ற, இயன் சொன்னதைச் சொன்னேன். இப்போதெல்லாம் வலப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே சின்னக் கேமரா வைக்கிறார்களாம். லாரிக்கு முன்னால் இருப்பது ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில் தெரியுமாம். இயன் தனியாகத்தான் ஓட்டப்போகிறார்.

ஜெயலீலா டீயை வடிகட்டி முடித்தார்.

“கேமரா பாக்கும். ஆனா பயப்படாதுல்ல. பயப்படத் தெரியாதது எப்படிச் சொல்லும், இருங்கன்னு?”

நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் கணவர் உங்களுக்காகத்தான் விற்கிறார் என்று ஒரே வாக்கியம். அரை மணி நேரத்துக்கு முன் கராஜில் கேட்டது. ஆனால் முப்பது வருட நிருபர் வேலையில் நான் கற்றது கேட்டுக்கொண்டு வருவது. ஒரு வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செய்தி கொண்டுபோவதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டீயைக் குடித்தேன்.

“இதை எழுதலாமா ஆன்ட்டி?”

கிழங்கு லாரியின் பின்னால் யோசித்திருப்பாரே, அந்த நேரம் எடுத்துக்கொண்டார்.

“பேர மாத்திடுங்க.” கோப்பையைக் கழுவி வைத்தார். “அவங்க உங்க பத்திரிகைய அட்டையில இருந்து விளம்பரம் வரைக்கும் ஒண்ணு விடாமப் படிப்பாங்க, பாத்துக்கிடுங்க.”

எச்சரிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

7

முடிவுகள்.

(அ) இயன் வருகிறார், காரைக் கண்டதும் கண் கலங்குகிறார், கைகுலுக்குகிறார்கள். கார் கப்பலேறுகிறது. சஃபோக்கில் மழையில் ஒரு லாரிக்குப் பின்னால், திரையைப் பார்த்துவிட்டு இயன் தாண்டிப் போகிறார். விபத்தெல்லாம் இல்லை. ஊர் திரும்பிப் பார்க்கிறது. இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் இதை எழுதி முடித்தபோது பேர்லேண்டில் ஒரு கராஜ் காலியாக இருந்தது. இரண்டு பேர் அதற்குள் அடுத்தவர் நன்மைக்காக மௌனமாக நின்றிருந்தார்கள்.

(ஆ) ஊருக்குத் தெற்கே இரண்டே வரிசையுள்ள பண்ணைச் சாலையில் ஐசக் காரை விடுகிறார். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிரக். “ஜெயா, தெரியுதா?” என்கிறார். அழகான முடிவு. நாகரத்தினத்துக்குப் பிடிக்கும். ஆனால் இந்த நாட்டில் அவர் இருக்கையிலிருந்தே எல்லாம் தெரியும். தெரியாததுபோல் அவர் நடிக்க வேண்டும், அதை நம்புவதுபோல் ஜெயலீலா நடிக்க வேண்டும். அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அடித்துவிட்டேன்.

(இ) அறுபத்தெட்டு வயதில் ஜெயலீலா ஸ்டீயரிங் முன்னால் போய் உட்கார, ஐசக் சுற்றிவந்து வலப்பக்கக் கதவைத் திறந்து

(இது என்னுடைய ஆசை. அதைக் கொண்டுபோய் அவர்கள் கராஜில் நிறுத்த எனக்கு உரிமையில்லை.)

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. ஆனால் ஒரு தேதி இருக்கிறது. இந்த இதழ் வெள்ளிக்கிழமை தபாலில் வீடு சேரும் என்று நாகரத்தினம் உறுதி சொல்லியிருக்கிறார். பெயர்களை மாற்றிவிட்டேன், கேட்டுக்கொண்டபடி. காரையும் மாற்றிவிடுங்கள், வேறு நிறம், வேறு வருடம் போடுங்கள் என்றும் நாகரத்தினம் சொன்னார். ஜெயலீலா கேட்டது பெயரை மட்டும்தான். 1968, பான்டியாக், கரும்பச்சை. பேர்லேண்டில் அப்படி ஒன்றை வைத்திருக்கும் தமிழ் டாக்டர் வேறு யாருமில்லை.

மற்ற வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டாக்டர், விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் இருக்கையிலிருந்து தெரியாதது இந்த ஊரிலும் ஒன்று இருக்கிறது. அது தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் இப்போது அநேகமாகச் சமையலறையில் இருப்பார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போகலாம். முன்னால் நன்றாகப் பார்த்துவிட்டேன், எதுவும் வரவில்லை. இயன்கூட நாளைக்குத்தான் வருகிறார்.