வலிக்குப் பச்சை விளக்கு

“மனித குலத்தின் பாதி ஆதி நாள் முதல் சுமந்து வரும் வேதனையை இன்று நாம் எண்ணாக்குகிறோம்!” என்று முழங்கினார் சுக்கபூமி தையல் ஆலையின் இயக்குநர் அதினகரா, ஆலையில் எல்லோருக்கும் ‘பாக்’, அதாவது ஐயா. அது என்ன வேதனை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருமினார். கூட்டம் காத்திருந்தது. “அதாவது... மாசாமாசம் வருமே, அந்த விஷயம்,” என்று கூரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

கையில் ஒரு இடுப்புப் பட்டை. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டியது கிடையாது. அடிவயிற்றில் கட்டிக்கொண்டால் வலியை அளந்துவிடும்.

“ரத்தமே கிடையாதா பாக்? அப்ப எனக்கு ரெண்டு குடுங்க!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சிரித்தவர்களில் காலர் தைக்கும் இமாஸ் இல்லை. மாதாமாதம் அந்த விஷயத்தின் முதல் இரண்டு நாள் அவளால் நிமிர முடியாது. இதுவரை, வலிக்கிறது என்று சொன்னால் ஆலையின் மருத்துவச்சி லிலிஸ் அம்மா, அவர்கள் வழக்கில் இபு லிலிஸ், கையெழுத்துப் போடுவார். சட்டம் தரும் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும். இனி பட்டை ஏழுக்கு மேல் காட்டினால்தான் விடுப்பு. பட்டை கணினிக்குச் சொல்லும், கணினி சீட்டு அச்சடிக்கும். இடையில் மனிதக் கை படாது என்பதில் பாக் அதினகராவுக்குத் தனிப் பெருமை.

சோதிக்காமல் ஒன்றும் கொண்டுவந்துவிடவில்லை. அலுவலகத்தில் பதினான்கு பேர் மூன்று மாதம் கட்டிப் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் வலி வரவில்லை. பதினான்கு பேரும் ஆண்கள். முழு வெற்றி என்றது அறிக்கை.

பட்டையைப் பார்க்க ஜகார்த்தாவிலிருந்து விருந்தினர்கள் வந்த நாளும் இமாஸின் முதல் நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள்: காந்தும் பால்சத் தைலத்தை அடிவயிற்றில் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். பட்டையைச் செய்த மேதைகளோ, வயிறு குளிர்ந்து இறுகினால் வலி, சூடாக இருந்தால் சுகம் என்று தீர்மானித்திருந்தார்கள். பாதி மடிந்து நின்றவளின் இடுப்பில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ‘ஒன்று’.

“பாருங்க, எவ்வளவு சுகமா இருக்காங்க!” என்றார் பாக் அதினகரா.

“பால்சம் தேய்ச்சிருக்கேன் பாக். அந்தச் சூடு அது.”

“நெங், கருவி பொய் சொல்லாதும்மா.”

“அப்ப நான் சொல்றேனா?”

இபு லிலிஸ் வாயைத் திறந்தார். “எதுக்கும் ஒரு தடவை வயித்தத் தொட்டுப் பார்த்துட்டு...”

“வேணாம் இபு. மனிதக் கை வேணாம்.” இயக்குநர் கணினியில் தன் பெயரைத் தட்டிவிட்டு விருந்தினர் பக்கம் திரும்பினார். “இதோ, நானே கட்டிக்கிறேன். ஆம்பளைக்குச் சுழியம்தான் காட்டும்.”

அன்று காலை, படம் எடுப்பதற்காக, தொழிலாளிகளோடு வாசல் கடையில் உட்கார்ந்து மிளகாய் மிதக்கும் செப்லாக் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார். பட்டை கட்டச் சட்டையைத் தூக்கியதும் கூடத்துக் குளிர்காற்று நேராக அவர் தொப்பையில் அடித்தது. உள்ளே ஏதோ உருண்டது. விருந்தினர் முன்னால் அதை அடக்க வயிற்றை இறுக்கிக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்பது.

யாரும் தடுக்குமுன் மூலையில் இயந்திரம் கரகரவென்று சீட்டைத் துப்பியது. இபு லிலிஸ் எடுத்து, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்: “அதினகரா. மாதவிடாய், முதல் நாள். விடுப்பு ரெண்டு நாள்.”

விருந்தினர்களில் ஒரு அம்மாள் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

“பாக்,” என்று இமாஸ் குனிந்தபடியே சின்ன டப்பாவை நீட்டினாள். “பால்சம் வேணுமா? வலி போவாது. ஆனா பச்சை எரியும்.”

அவர் பட்டையோடு கழிப்பறைப் பக்கம் வேகமாக நடந்தார்.

மத்தியானத்துக்குள் பட்டைகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. இமாஸின் சீட்டில் இபு லிலிஸ் பழையபடி பேனாவால் கையெழுத்துப் போட்டார். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

பாக் அதினகராவும் அந்த இரண்டு நாள் விடுப்பை எடுத்துக்கொண்டார்.