யாருடைய ஆள்?

தொழிலாளர் அலுவலகத்து அம்மா எங்கள் படச்சட்டக் கடைக்குள் நுழைந்தபோது ஏதோ படம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. சுவரில் தொங்கிய சட்டங்களையும் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார். சட்டம் போடுகிற கடைக்கு வந்து ஆட்களை எண்ணுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

"எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"நாலு பேர்ம்மா. எல்லாரும் வீட்டுப் பிள்ளைங்க மாதிரி."

"வீட்டுப் பிள்ளைங்களுக்கு வார லீவு உண்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கத்தரிக்கோலும், என் மனைவி ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஊசிநூலும் இருந்தன.

"கண்ணாடி வெட்டுற இடத்துல ஒரு கட்டுத்துணி இல்ல. கையை அறுத்துக்கிட்டா தைச்சு விடுவீங்களா?"

பிறகு விஷயத்துக்கு வந்தார். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். என்று சேர்ந்தார், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் லீவு, நிறுத்துவதென்றால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

"அடுத்த திங்கள் வர்றேன். நாலு கடிதமும் மேசை மேல இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கடையை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

மூன்று கடிதம் செவ்வாய்க்கிழமையே முடிந்தது. கண்ணாடி வெட்டுபவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பின்பலகையில் ஆணி அடிக்கிற அக்கா ஒரு வரி விடாமல் படித்து, தன் டீ நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போட்டாள். மூன்றாவது ஆள் என் மனைவியின் தம்பி. அந்த மச்சான் கடிதத்தில் 'என்ன வேலை' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நான் அரை நாள் யோசித்து, 'மேற்பார்வை' என்று எழுதினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

நாலாவது ஆள் நெட்டை. அவனுக்கு வைத்த பேர் அது. குறைத்து வைத்த பேர். அவன் இருக்கிறானே என்று ஏணியை யாருக்கோ கொடுத்துவிட்டோம். மின்விசிறியையும் கழற்றினோம், அவன் காது இரண்டும் எங்களுக்குத் தேவைப்பட்டதால். கூரை ஒழுகினால் முதலில் நனைவது அவன்தான். நாங்கள் கொஞ்ச நேரம் கழித்து நனைவோம்.

"நெட்டை, நீ எப்போ சேர்ந்தே?"

"அது ஆச்சு முதலாளி, ரொம்ப நாள்" என்று சொல்லிவிட்டுப் பரணுக்குப் போனான். புதன்கிழமை முழுக்கப் பரணில்தான் இருந்தான். வியாழக்கிழமை வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து, "சுளுக்கு முதலாளி, பேனா பிடிக்க முடியாது" என்றான். சாப்பிட்டு வந்தபோது துணி இடது கையில் இருந்தது.

அவனைப் பற்றி எனக்கு முன்பே ஒரு சந்தேகம் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் என் மாமனாரிடமிருந்து இந்தக் கடையை நான் எடுத்துக்கொண்டபோது, நெட்டை உள்ளே ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடையை மாப்பிள்ளையிடம் கொடுத்த மனிதர், மாப்பிள்ளையைக் கண்காணிக்க ஓர் ஆளையும் விட்டுப் போயிருக்கிறார் என்று அன்றே முடிவு கட்டினேன். அந்த ஒன்பது வருடமும் தடித்த கண்ணாடி என்று சொல்லி மெல்லியதை ஒருவருக்கும் போட்டதில்லை. நேரத்துக்கு முன்னால் கடையைச் சாத்தியதில்லை. மாமனாரைத் திட்டுவதென்றால் மனதுக்குள்கூட மெதுவாகத்தான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாமனாரிடம் போனேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வானொலியைத் தனக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்திருந்தார்.

"மாமா, நெட்டையை நீங்க எந்த வருஷம் வேலைக்கு வச்சீங்க?"

வானொலியை அணைத்தார். "என்ன மாப்பிள்ளை, என்கிட்டயே ஆழம் பாக்குறீங்களா? அவன் உங்க ஆளாச்சே."

"என் ஆளா?"

"சம்பந்தம் பேசிக்கிட்டிருந்தப்பத்தானே வந்து நின்னான்? பொண்ணு வீட்டுத் தொழில் எப்படின்னு பாக்க நீங்க அனுப்பின ஆளுன்னு எனக்குத் தெரியாதா? அவன் முன்னாடி ரெண்டு வருஷம் நான் ஒரு வாடிக்கையாளரைக்கூட வைய முடியல. வைய முடியாத வியாபாரம் எதுக்குன்னுதான் கடையை உங்க கையிலயே குடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அம்மா வழிச் சொந்தம்னு இல்ல நினைச்சிருந்தேன்? கடைக்கு வந்தா உங்களை 'வாங்க, போங்க'ன்னு மரியாதையா பேசினது யாருக்காகன்னு நினைச்சீங்க?"

அதையும் நான் கவனித்திருந்தேன். மரியாதை கடையோடு நின்றுவிடுவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கடையில் விசாரித்தேன். கண்ணாடி வெட்டுபவரும் ஆணியக்காவும் அவனை என் ஒற்றன் என்று நினைத்திருந்தார்கள். மச்சான், தன் அக்காவின் ஒற்றன் என்று நினைத்திருந்தான். ஆக, பதினோரு வருடமாக எல்லோரும் ஒழுங்காக இருந்திருக்கிறோம், யாருமே வேலைக்கு வைக்காத ஓர் ஆளுக்குப் பயந்து.

பரணுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். "இறங்கி வா. நீ யார்?"

அவன் இறங்கினான். முதல் தடவையாக என் உயரத்துக்குக் குனிந்து பேசினான்.

"ஒரு படத்துக்குச் சட்டம் போட வந்தேன் முதலாளி."

"எப்போ?"

"பதினோரு வருஷம் முன்னாடி. பெரிய முதலாளி ரசீது எழுதிக் குடுத்தார். அப்புறம், 'இதைக் கொஞ்சம் பிடி'ன்னு ஒரு கண்ணாடியோட மறுமுனையைக் குடுத்தார். கண்ணாடியாச்சே, விட முடியுமா? சாயங்காலம் வரைக்கும் பிடிச்சேன். நாளைக்குச் சீக்கிரம் வான்னு சொன்னார். வந்தேன். சனிக்கிழமை சம்பளம் குடுத்தார்."

"எதுக்குன்னு கேக்கக் கூடாதா?"

"கேட்டா, நீ யாருன்னு திருப்பிக் கேப்பாரே! எனக்கு அப்போ எங்கேயும் வேலை இல்ல முதலாளி. அன்னிக்கு வேற யாரோ ஒருத்தன் வேலைக்கு வர வேண்டியிருந்திருக்கு, என்னை அவன்னு நினைச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது. அவன் என்னிக்காவது வந்து நிப்பான். அதான் ஒரு நாள்கூட லீவு போடல. நான் இல்லாத அன்னிக்கு அவன் வந்து கண்ணாடியைப் பிடிச்சிட்டா? இப்போ கடிதத்துல என் பேரை எழுதினா, இது அவன் பேர் இல்லைன்னு தெரிஞ்சுபோயிடும். என்னை அனுப்பிடுவீங்க."

"உன் படம் என்னாச்சு?"

"அதுக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்."

பொய் என்று தோன்றியது. ஆனால் இவ்வளவு மோசமான பொய்யை யாரும் இத்தனை நாள் பரணில் உட்கார்ந்து தயாரிக்க மாட்டார்கள் என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். மேசை மேல் மூன்று கடிதம். நாலாவது வெறும் தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு, சர்வீஸ் எதுவும் குடுக்காம தப்பிக்கிறதுக்கு நல்ல கதை. இந்த வேலையில நான் நிறையக் கதை கேட்டிருக்கேன். இது புதுசு."

"சத்தியமா கதை இல்லம்மா."

"இவருக்கு வேலை சொல்றது யாரு?"

"நான்தான்."

"வர்ற நேரம், போற நேரம்?"

"நான்தான்."

"சம்பளம்?"

"நான்தான்."

"அப்போ இவர் உங்க ஆள். நீங்க கூப்பிட்டு வந்தாரா, கூரையைப் பிரிச்சுக்கிட்டு வந்தாராங்கிறது எனக்கு வேண்டாம். கடிதம் இல்லாததால தொழிலாளி இல்லைன்னு ஆகிடாது. உங்க மாமனார்கிட்ட செஞ்ச ரெண்டு வருஷமும் கணக்குல வரும். கடைதான் கை மாறிச்சு, இவர் மாறல. தேதி சொல்லுங்க."

நெட்டை சட்டைப் பையிலிருந்து, மடிப்பில் கிழிந்த ஒரு ரசீதை எடுத்து நீட்டினான். அதை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் மையைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தேதியைப் போட்டு, மற்ற மூன்றைப் போலவே நாலாவது கடிதத்தையும் என்னை எழுத வைத்தார்.

நெட்டை பேனாவை வாங்கவில்லை. "அம்மா, அந்த ஆள் வந்தா?"

"எந்த ஆள்?"

"நிஜமா வர வேண்டியவர்."

அந்த அம்மா முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்தா, உங்க முதலாளிக்குத் தேவைன்னா அவருக்குத் தனிக் கடிதம். இது உங்க கடிதம். உங்களை நிறுத்தணும்னா ஒரு மாசம் முன்னாடி காரணத்தோட எழுத்துல சொல்லணும். அதுவும் இதிலயே இருக்கு, படிங்க."

படித்தான். திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது எழுதி ஏமாற்றுகிறோமா என்று. மறுபடி படித்தான். என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அந்த வியாழக்கிழமை என்னிடம் வந்து, "நாளைக்கு லீவு வேணும் முதலாளி" என்றான். கடிதத்தில் இருக்கிறது, கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் இல்லாத கடையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

"எங்கே போயிருப்பான்?" என்றார் கண்ணாடி வெட்டுபவர்.

"பதினோரு வருஷமா இல்லாத லீவு இப்போ எதுக்கு?" என்றாள் ஆணியக்கா.

மச்சான் மேற்பார்வைக் குரலில் மெதுவாகச் சொன்னான்: "அவன் அந்த ஆபீஸ் அம்மாவோட ஆளா இருந்தா?"

டீ நேரத்தில் ஆணியக்கா ஐந்து நிமிடம் முன்னாலேயே எழுந்துவிட்டாள். மச்சான் பெருக்கினான். நான் அன்று வந்த நாலு படத்துக்கும் இருப்பதிலேயே தடித்த கண்ணாடியைப் போட்டேன்.

சனிக்கிழமை காலை நெட்டை வந்தான். வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"நேத்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. நீ எங்கே போயிருந்தே?"

"தூங்கினேன் முதலாளி."

நான் நம்பவில்லை. அவனும் என்னை நம்பவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.