முதுகில் இரண்டு கோடுகள்

அருண்பாண்டி காலையில் எழுந்தான். எழுவது என்றால், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றித் தள்ளி உட்கார்வது. சில வருடங்களாக இப்படித்தான். தூங்கி எழுந்தால் முதுகுத்தண்டு இறுகிக் கிடக்கும். நடமாட நடமாடத்தான் இளகும். பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டுக் குடித்தான். வெந்நீர் வைத்தான். அன்றைக்கு இன்னொரு அண்டாவும் கூடுதலாக வைத்து, பொறுக்கும் சூட்டில் இடுப்பில் ஊற்றிக்கொண்டே நின்றான். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் தேயிலை மேட்டில் ஏறி இறங்கினான்.

இளகியே ஆக வேண்டும். அன்றைக்கு முதுகை அளக்கிறார்கள்.

அவன் மனைவி ஆனந்தி ஏலக்காட்டு வேலைக்குப் போன ஜீப், சித்திரையில் போடிமெட்டு வளைவில் உருண்டது. அவளுடைய காரியம் முடிந்த கையோடு அவள் அக்கா ராமுத்தாய், அவர்கள் பிள்ளை பாப்பாவைப் பள்ளிவாசல் எஸ்டேட்டில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். கேட்கப் போனவனை வாசலிலேயே நிறுத்தினாள். "வளையாத முதுக வச்சுக்கிட்டு ரெண்டு வயசுப் பிள்ளைய எப்படித் தூக்குவே? முதுகு நல்லாருக்குன்னு ஆஸ்பத்திரியில எம்முன்னால சொல்லட்டும். தாராளமாக் கூட்டிட்டுப் போ." அதுவரை 'வாங்க தம்பி' என்று கூப்பிட்டவள்.

அன்றைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ராமுத்தாய் அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டாரு மகராசன். முதுகு வளையாட்டியும் நாக்கு நல்லா வளையும்."

மாதம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் கிருத்திகா அவன் சட்டையைத் தூக்கச் சொன்னாள். இடுப்பின் இரண்டு குழிகளுக்கு நடுவே பேனாவால் ஒரு கோடு. பத்து சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு.

"முட்டிய மடக்காமக் குனிங்க."

குனிந்தான். விரல்கள் கணுக்காலைத் தொட்டன.

"அடேயப்பா, விட்டாத் தரையையே துடைச்சிருவாரு போல," என்றாள் ராமுத்தாய்.

"இடுப்ப மடக்கி யாரும் குனிஞ்சிரலாங்க்கா. தண்டெலும்பு விரியுதான்னு டேப்தான் சொல்லணும். இந்தக் கோடு ரெண்டும் அஞ்சு சென்டிமீட்டராவது விலகணும். போன மாசம் இவருக்கு ரெண்டரை." கிருத்திகா டேப்பைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். "இன்னிக்கு நாலரை! வெந்நி ஊத்திட்டு வந்தீங்களா? அப்படின்னா இந்த அளவ நம்ப முடியாது. வேற நாள் பாக்கலாம்."

"இல்ல மேடம். பச்சத்தண்ணிதான்."

"அப்ப சரி. கிட்டத்தட்ட நார்மல்."

"பிள்ளையத் தூக்கலாமா?"

"தூக்கலாமே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தான். திரும்பி ராமுத்தாயைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அப்ப முதுகுக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாத முதுகத்தான் இத்தன வருசமாப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தியா? எந்தங்கச்சி குளிர்ல நடுங்கிக்கிட்டு ஜீப்பு ஏறுனா. நீ படிச்ச படிப்பத் தலைக்கு வச்சுப் படுத்திருந்தே."

"மதினி, நீங்கதான சொன்னீங்க, ஆஸ்பத்திரியில சொன்னாப் பிள்ளைய…"

"சொல்லிட்டாங்கள்ல, நடிச்சவன்னு! அவள வேலைக்கு வெரட்டிக் கொன்னவங்கிட்ட பிள்ளையத் தர நான் என்ன கோட்டியா?"

"அக்கா, ஒரு அளவ மட்டும் வச்சு…" என்றாள் கிருத்திகா.

"நீங்க அளந்தது போதும் தாயி." ராமுத்தாய் அவன் பக்கம் திரும்பினாள். "'எல்லாம் நடிப்புக்கா'ன்னு அவ எங்கிட்டச் சொன்னா. அன்னைக்கு ஜீப்புல ஏறும்போது ஒங்கிட்ட என்ன சொன்னா? சொல்லு பாப்போம்."

அருண்பாண்டி சட்டையை இறக்கிவிட்டான். சொன்னால் முதுகு கெட்டது என்றாகிவிடும். பாப்பா பள்ளிவாசலிலேயே இருந்துவிடும். சொல்லாவிட்டால் ஆனந்தியின் சாவு அவன் தலையில். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஜீப் நகர்ந்தபோது ஆனந்தி வெளியே தலையை நீட்டிச் சொன்னது இதுதான்: "பாப்பா அழுதாலும் தூக்கிராதீங்க. ராத்திரி நீங்க படுற பாடு எனக்குத்தான் தெரியும். நான் வந்து தூக்கிக்கிறேன்."